அந்த டிவி பேனலைக் கெடுத்தது நான்தான்

தம்பி,

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். நேற்றுக் காலையில்தான் போனில் பேசினோம். பெரம்பலூர்க் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது, பாண்டிங் மெஷினை இறக்கியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை காலை திறப்பு என்று மூச்சுவிடாமல் சொன்னாய். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அப்பா வர்றேன்னாராம்மா?" என்று கேட்டாய். "வருவாருடா, வராம எங்க போவாரு" என்று மழுப்பிவிட்டு போனை வைத்தேன். உண்மை என்னவென்றால், அழைப்பிதழ் வந்த நாளிலிருந்து உன் அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு முறை பக்கத்து பேட்டரி கடைக்காரர் கேட்டதற்கு, "தண்ணி எந்தப் பக்கம் இறங்கும்னு தெரியாதவன் பேனல் கடை வைக்கிறானாம், அதுக்கு நான் போயி விளக்கேத்தணுமாம்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் அரியலூர் கடைத்தெருவுக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உன் அப்பா உன்னைத் திட்டியது வீட்டுக்குள் இல்லை, நம் டிவி ரிப்பேர் கடை வாசலில். டீக்கடையில் நின்றவர்கள், பேட்டரி கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நாலு பேர் கேட்கத் திட்டு வாங்கிய பிள்ளைக்கு அடுப்படியில் வைத்து மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பு ஆகாது. ஆகவே எல்லாரும் படிக்கட்டும்: வரதராஜன்பேட்டை வாத்தியாருடைய டிவி பேனலைக் கெடுத்தது என் மகன் இல்லை. நான்.

குழுவில் ஜவுளிக்கடைக்காரர், மளிகைக்கடைக்காரர் எல்லாம் இருப்பதால் பேனல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நீ சிரிப்பாய். உனக்கே நான் பாடம் எடுக்கிறேன் என்று நினைக்காதே, நீ எனக்கு எடுத்த பாடத்தைத்தான் ஒப்பிக்கிறேன். பெரம்பலூர் பாலிடெக்னிக்கில் நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த சமயம், நான் கடையில் உட்கார ஆரம்பித்து ஆறேழு மாதம் இருக்கும். டிவியைக் கொண்டு வருகிறவர்களிடம் பெயரும் ஊரும் கேட்டு எழுதி வைப்பது என் வேலை. என்ன கோளாறு என்று கேட்டால் எல்லாரும் சொல்லுவது ஒன்றுதான்: "டிஸ்பிளே போச்சுங்க." நானும் "டிஸ்பிளே போச்சு" என்று சீட்டு எழுதி ஒட்டிவிடுவேன். ஒரே மேஜையில் எட்டு டிவி, எட்டிலும் அதே சீட்டு. உன் அப்பா தலையில் அடித்துக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மூலையில் விரிசல் விட்டதால் கழித்துப்போட்ட ஒரு பேனலை மேஜையில் வைத்து, ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துக் காட்டினாய்.

பின்னால் தகடு. அதன் மேல் வரிசையாக எல்.இ.டி. பட்டிகள், ஒவ்வொரு விளக்குக்கும் குமிழ் மாதிரி ஒரு லென்ஸ். "இதுதாம்மா பேக்லைட். டிவியில வெளிச்சம் வர்றது இங்கேருந்துதான், முன்னாடி இருக்கிற கண்ணாடிக்குச் சொந்தமா வெளிச்சமே கிடையாது" என்றாய். அது எனக்குப் பெரிய ஆச்சரியம். அதற்கு மேல் பால் நிறத்தில் ஒரு தடித்த பலகை, வெளிச்சத்தை ஒரே சீராகப் பரப்புகிற டிஃப்யூசர். அதற்கும் மேலே வழவழவென்று இரண்டு மூன்று தாள்கள். எல்லாவற்றுக்கும் முன்னால்தான் அசல் கண்ணாடி, மெக்கானிக்குகள் ஓப்பன் செல் என்று சொல்வது. அது ஒரு கண்ணாடி இல்லை, இரண்டு. நடுவே நூலளவுகூட இல்லாத இடுக்கில் திரவப் படிகம். தண்ணீரும் இல்லாமல் கல்லும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக இருக்கும், கரண்ட் கொடுத்தால் முறுக்கு மாறும், அதைப் பொறுத்து வெளிச்சம் போகும் அல்லது நிற்கும் என்றாய். ஒரு கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன சுவிட்சுகள், இன்னொன்றில் சிவப்பு, பச்சை, நீலம் என்று சின்னச் சின்ன ஜன்னல்கள். மூன்று ஜன்னல் சேர்ந்தால் ஒரு பிக்சல். "இந்த மூணு கலருலதாம்மா நீ பாக்குற அத்தனை பட்டுப்புடவையும்" என்று நீ சொன்னதும், நான் பேனலில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்ததும் ஞாபகம் இருக்கிறதா? உன் பெரியப்பா அந்த நேரம் வந்து பார்த்துவிட்டு, "என்னடா, உங்கம்மாவுக்குக் கண்ணு தெரியலியா" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நீ செய்தது வேடிக்கை. அந்தப் பேனலைத் திரும்ப அடுக்கி, கரண்ட் கொடுத்துப் படம் வரவைத்து, முன்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய தாளை ஓரத்திலிருந்து பிடித்து உரித்தாய். படம் போய்விட்டது. திரை முழுக்க வெறும் வெள்ளை. "அய்யய்யோ, கெடுத்துட்டியேடா" என்று நான் கத்தினேன். நீ உரித்த தாளை என் கையில் கொடுத்து, "இத கண்ணுக்கு நேரா புடிச்சிப் பாரும்மா" என்றாய். பிடித்தேன். படம் வந்தது! தாளை இறக்கினால் வெள்ளை, ஏற்றினால் படம். தாளைக் குறுக்கே திருப்பினால் கறுப்பெல்லாம் வெளுப்பு, வெளுப்பெல்லாம் கறுப்பு. போலரைசர் என்ற பெயரை அன்று கற்றுக்கொண்டேன், இன்றுவரை மறக்கவில்லை. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, செந்துறையில் பிசிக்ஸ் டீச்சர் ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிப் புரியாதது அரைமணி நேரத்தில் புரிந்தது. நான் பெற்ற பிள்ளை எனக்கு வாத்தியாராக உட்கார்ந்து, ஒரு தடவைகூட "இதுகூடத் தெரியாதா" என்று கேட்காமல் சொல்லிக்கொடுத்தான். அதற்கு அன்றைக்கு நான் நன்றி சொல்லவில்லை, "போயி கைய கழுவு, சாப்பிடு" என்றேன். இப்போது சொல்கிறேன், நன்றி தம்பி.

கடைசியாக நீ காட்டியதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். கண்ணாடியின் கீழ் விளிம்பில், ஃபிரேமுக்குள் மறைவாக, மெல்லிய ரிப்பன்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. சி.ஓ.எஃப். என்பது எழுத்தில், மெக்கானிக்குகள் வாயில் அது காஃப். டிகான் போர்டு எந்தப் புள்ளி எப்போது எரிய வேண்டும் என்று கட்டளை போடும், அதைக் கண்ணாடிக்குள் கொண்டுபோவது இந்த ரிப்பன்கள்தான். அதில் ஓடுவது முடியைவிட மெலிந்த கம்பிகள். "இங்கதாம்மா உசுரே இருக்கு. ஒரு சொட்டு தண்ணி எறங்குனா போதும், பேனலே காலி. அதான் தொடைக்கிறப்ப திரையில அடிக்கக் கூடாது, துணியில அடிச்சித் தொடைக்கணும்னு எல்லார்ட்டயும் சொல்றோம்." இதை நீ சொன்னாய். நான் கேட்டேன். தலையைக்கூட ஆட்டினேன்.

நான் அந்தக் கடையில் உட்கார்ந்ததே பெரிய பாடு என்பது உனக்குத் தெரியும். நீ பாலிடெக்னிக் போன பிறகு வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல், நானும் வருகிறேன் என்று உன் அப்பாவிடம் நச்சரித்தேன். உன் பெரியப்பா செந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து, "நம்ம வூட்டுப் பொம்பள கடையில ஒக்காந்து பழக்கமில்ல" என்றார். உன் அப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு கண்டிஷன் போட்டார்: "வா. ஆனா உன்னால ஒரு செட்டு கெட்டுச்சின்னா அன்னையோட வூட்டுல இருந்துக்க." சரி என்றேன். அந்த மர நாற்காலியும் டியூப்லைட் வெளிச்சமும் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. மீன்சுருட்டியிலிருந்து ஒரு பெண் டிவியைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாளே, திரை கறுப்பாகிவிட்டது, இனி அவ்வளவுதான் என்று கண் கலங்கிக்கொண்டு? நான்தான் நீ சொல்லிக்கொடுத்தபடி செல்போன் டார்ச்சைத் திரையில் ஒட்டிப் பிடித்து, "இங்க பாரும்மா, உள்ள படம் ஓடுது, பின்னாடி லைட்டுதான் போயிருக்கு" என்று காட்டினேன். அவள் குனிந்து, மங்கலாக ஒரு முகம் அசைவதைப் பார்த்து, "அட ஆமாங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சமையல் நன்றாக இருக்கிறது என்று ஆயிரம் பேர் சொல்லியும் வராத சந்தோஷம் எனக்கு அன்று வந்தது.

இனி அந்த நாள். நீ படிப்பை முடித்து நம் கடையிலேயே வேலை பார்த்த வருஷம், ஆயுத பூஜை. பழைய பெரிய டிவி காலத்திலிருந்தே கடையில் இருக்கிற அத்தனை செட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நம் வழக்கம். அப்போதெல்லாம் பூஜைக்கு மட்டும் கடைக்கு வந்து, நடுக் கண்ணாடியிலேயே மூன்று பொட்டு வைப்பேன், அந்தக் கண்ணாடி கல்லு மாதிரி. எல்.சி.டி. வந்த பிறகு ஃபிரேமில் மட்டும் வை என்று உன் அப்பா சொல்லியிருந்தார். வாத்தியாருடைய டிவி புது மாடல், ஃபிரேம் என்று சொல்லிக்கொள்ள விரல் அகலம்கூட இல்லை. பேக்லைட் மாற்றித் தயாராக நின்றது. மற்றதுக்கெல்லாம் வைத்துவிட்டு அதை மட்டும் மூளியாக விட எனக்கு மனசு வரவில்லை. கீழ் ஓரத்தில் சந்தனத்தைக் கரைத்துத் தாராளமாக வைத்தேன். அது வழிந்தது. வழிந்ததைத் துடைக்க ஈரத்துணியை எடுத்தேன், சரியாகப் பிழியவில்லை. துடைக்கத் துடைக்க தண்ணீர் கீழ் இடுக்கில் இறங்கிக்கொண்டே இருந்தது. நீ டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவன் பார்த்துவிட்டு, "அம்மா, தண்ணி உள்ள போவுது" என்றாய். "சாமி காரியத்துல குறுக்க பேசாத, போடா அந்தாண்ட" என்று எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் எங்கிருந்து வரும் என்று உனக்குத் தெரியும், தப்பு செய்கிறோம் என்று உள்ளுக்குள் தெரியும்போதுதான் வரும்.

மறுநாள் கடை விடுமுறை. அதற்கடுத்த நாள் வாத்தியார் வந்து நிற்கிறார், உன் அப்பா டிவியைப் போட்டுக் காட்டுகிறார். பாதித் திரையில் கோடு கோடாக இறங்கியது, பிறகு அந்தப் பாதி வெளுத்தே போனது. பிரித்துப் பார்த்தார், ரிப்பன் ஒட்டிய இடத்தில் ஈரம், பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. "யாருடா இதுல தண்ணிய வுட்டது?" என்று சத்தம் போட்டார். வாயைத் திறந்தேன், சொல்லத்தான் திறந்தேன் தம்பி, அதை மட்டும் நம்பு. அதற்குள் நீ, "நாந்தாம்ப்பா. கிளீனர நேரா திரையில அடிச்சிட்டேன்" என்றாய். தெரிந்தே தப்புச் செய்தவன் என்று அவருக்கு இரட்டைக் கோபம். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் தன் கையாலேயே இப்படிச் செய்யலாமா என்று வாசலில் நிறுத்திக் கேட்டார். "இனிமே எந்தப் பேனல்லயும் நீ கைய வைக்கக் கூடாது" என்றார். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உடைந்திருப்பேன், அது தெரிந்துதான் நீ பார்க்கவில்லை.

என் நாற்காலி எனக்கு மிஞ்சியது. நீ இரண்டு மாதத்தில் சென்னைக்குப் போனாய். அங்கே ஏதோ ஒரு பட்டறையில் சேர்ந்து, செத்துப்போன ரிப்பனை எடுத்துவிட்டுப் புது ரிப்பனைப் பாண்டிங் மெஷினில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுகிற வேலையைக் கற்றுக்கொண்டாய். எந்த இடத்தில் உன் பெயர் கெட்டதோ அந்த இடத்தை நிமிர்த்துகிற வேலை. நான் ஒவ்வொரு மாதமும் அவரிடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். இன்றைக்கு வேலை அதிகம், இன்றைக்கு அவருக்குத் தலைவலி, பொங்கல் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். பயந்தாங்கொள்ளி என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. நான் சொல்லிக்கொள்கிறேன்.

புதுக் கடைக்காரனுக்கு அம்மா சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாவற்றையும் பேனல் போச்சு என்று சொல்லி முடித்துவிடாதே. பட்டி போனால் பட்டி, டிகான் போனால் டிகான், ரிப்பன் போனால் ரிப்பன். எது போயிற்றோ அதன் பெயரைச் சொல், போன இடத்தைக் காட்டு. படித்தவர் படிக்காதவர் என்று பார்க்காதே, எனக்கே புரிந்தது என்றால் யாருக்கும் புரியும். வேலைக்கு ஆள் வைத்தால் அவன் செய்த தப்பை வாசலில் வைத்துக் கேட்காதே. நீயே தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஐந்து வருஷம் வைத்திருந்தால் அது எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதுவரை எழுதி நேற்றே நிறுத்தி வைத்தேன். ஊர் படித்து உன் அப்பா தெரிந்துகொள்வது நியாயமில்லை என்று தோன்றியது. இன்று காலை கடை திறந்ததும், அவர் ஒரு டிவிக்குப் பின்மூடி முடுக்கிக்கொண்டிருந்தார், சொல்லிவிட்டேன். ஸ்க்ரூ டிரைவர் நின்றது. "சந்தனமா?" என்றார். "ஆமாங்க. ஈரத்துணியும்." "அப்ப அவன் ஏன் நாந்தான்னான்?" "நீங்க போட்ட கண்டிஷனாலதான். என்னைய வூட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு." ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்தார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். நாளையிலிருந்து நான் வரவில்லை என்று நானே சொன்னேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டார். கோபம் வந்தால் அண்ணன் வீட்டுக்குப் போகிற ஆள்தானே, செந்துறைக்குத்தான் போகிறார் என்று நினைத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பேட்டரி கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். வேர்த்து விறுவிறுத்து, செருப்பெல்லாம் புழுதி. தண்ணீர் கொடுத்துவிட்டு, "அண்ணன் வூட்டுக்கா போனீங்க?" என்று கேட்டேன்.

"வரதராஜன்பேட்டைக்கு. அன்னைக்கு வாத்தியாருகிட்ட எம் பையன்தான் கெடுத்தான்னு சொன்னேன்ல. அவன் இல்லைங்க சார்னு சொல்லிட்டு வந்தேன்."

"யாருன்னு சொன்னீங்க?"

"எங்க கடையில நடந்த தப்புன்னு சொன்னேன். அதுக்கு மேல அவரும் கேக்கல."

தண்ணீரைக் குடித்துவிட்டு, மேஜையில் இருந்த ஒரு டிவியைக் காட்டி, "இதுக்குச் சீட்டு ஒட்டலியா? நாளைக்கு நீ லீவு போட்டா யாரு எழுதறது?" என்றார். அது போதும் எனக்கு. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷரை நான் பாதிதான் தெரிந்து வைத்திருந்தேன். அவருக்கும் இந்தக் கடிதத்தில் நன்றி சொல்லிக்கொள்கிறேன், எப்படியும் குழுவில் படிப்பார்.

ஆனால் வெள்ளிக்கிழமை வருகிறீர்களா என்று கேட்டதற்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது" என்றார். இருந்தாலும் நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்கப் போட்டிருக்கிறார்.

ஆகையால் வருவார். எனக்கு அவரைத் தெரியும், வந்தாலும் நேரே உள்ளே வரமாட்டார். உன் கடைக்கு எதிர்ப்பக்கம் ரோட்டோரம் நின்றுகொண்டு, போகிற பஸ்ஸையெல்லாம் எண்ணுகிற மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டத்தில் இருக்கிறவர்கள் காத்திருக்கட்டும். நீ ரோட்டைத் தாண்டிப் போ. பழசு எதையும் எடுக்காதே, அவரை மன்னிப்புக் கேட்கவும் விடாதே, கேட்க அவருக்கு வராது. கையைப் பிடித்து, "பேனல் ஒண்ணு வந்திருக்குப்பா, எனக்குப் பிடிபடல, நீங்க வந்து பாருங்க" என்று சொல். வருவார். நான் பின்னாலேயே வருகிறேன்.

அம்மா